செய்த பிழையை ஒப்புக்கொண்டு, செய்யாத பிழையை மறுப்பது எப்படி?

ஏழாம் வரி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மூன்று நாட்களாக ஒரு தாளைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். வரும் திங்கட்கிழமைக்குள் அதில் நான் கையொப்பமிட வேண்டும். நடந்ததை இயன்றவரை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

நான்கு பிரிவுகளிலிருந்து வரும் எண்களைச் சேர்த்து மாத அறிக்கை தயாரிப்பது என் வேலை. ஆறு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். சென்ற மாத அறிக்கையை வியாழக்கிழமை மாலைக்குள் அனுப்பியிருக்க வேண்டும். நான் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத்தான் அனுப்பினேன். அந்தத் தாமதம் முழுக்க முழுக்க என்னுடையது. ஆனால், ஒரு பிரிவு எனக்கு அனுப்பிய எக்செல் தாளிலேயே போன மாதக் கணக்கும் இந்த மாதக் கணக்கும் இடம் மாறியிருந்தன. வந்ததை வந்தபடியே சேர்த்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்த ஆய்வுக் கூட்டத்தில் தலைமை அதிகாரி அந்த எண்களைப் பற்றிக் கேட்டபோது, என் மேலதிகாரி என் பக்கம் திரும்பி, "அனுப்பியதே தாமதம், அதையும் பார்க்காமலேயே அனுப்பியிருக்கிறார்" என்றார். பதினொரு பேர் அமர்ந்திருந்த அறை அது. எண்களை அனுப்பிய பிரிவைச் சேர்ந்தவர் தம் குறிப்பேட்டின் ஓரத்தை விரலால் மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். உண்மை தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் எழுந்து நின்று, "மன்னிக்கவும், இனிமேல் கவனமாக இருக்கிறேன்" என்றேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

இப்போது வந்திருக்கும் குறிப்பாணையில் "தாமதமும் தொடர்ச்சியான கவனக்குறைவும்" என்று எழுதப்பட்டிருக்கிறது. "தொடர்ச்சியான" என்ற ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஆறு ஆண்டுகளில் என் அறிக்கையைப் பற்றி எழுத்தில் வந்த முதல் குறை இதுதான்.

நான் கேட்பது இதுதான். தாமதம் என்னுடையது என்பதால் மற்றதையும் சுமந்துகொள்ள வேண்டுமா? மற்றதை மறுப்பதற்காகத் தாமதத்தைப் பற்றிப் பேசாமல் விடலாமா? இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. இவ்வளவு சிறிய விஷயத்துக்காக இவ்வளவு யோசிப்பது தவறோ என்றும் தோன்றுகிறது.

நிழல்மரம்

முதலில் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கையொப்பமிட மறுத்து ஒதுங்கிவிடாதீர்கள். "வாங்கவே மறுத்துவிட்டார்" என்று அதுவே தனிக் குற்றமாக எழுதப்படக்கூடும். பல இடங்களில் கையொப்பத்துக்கு மேலே "பெற்றுக்கொண்டேன்; இதில் உள்ளவற்றை நான் ஏற்கவில்லை; என் விளக்கம் தனியே தரப்படும்" என்று எழுதித் தேதியிட அனுமதி உண்டு. உங்கள் பணி விதிகளில் அதற்குத் தடை இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு அப்படியே செய்யுங்கள். அந்தத் தாளுக்கு ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் வந்த மின்னஞ்சலை இன்றே தனியாகச் சேமித்து வையுங்கள்.

இனி உங்கள் கேள்வி. விளக்கத்தில் தாமதத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அவர்களுக்கு அது தெரியும், குறிப்பாணையிலேயே இருக்கிறது. தெரிந்ததை நீங்களும் எழுதிக் கொடுத்தால், ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போடுவார்கள். அநியாயமாக நடந்துகொள்ளும் இடத்தில் நம் கத்தியை நாமே எடுத்து எதிராளியின் கையில் கொடுக்கக் கூடாது. நியாயமாக நடப்பவர்களிடம் மனம் திறக்கலாம். மற்றவர்களிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

பழைய பேனா

நிழல்மரம் கையொப்பத்தைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. இரண்டாவது பகுதியில் மாறுபடுகிறேன்; மாறுபடுவதற்கு என் அனுபவம்தான் காரணம். இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படிப்பட்ட விளக்கக் கடிதங்களை வாங்கிப் படிக்கும் நாற்காலியில் இருந்தவன் நான்.

ஒரே வாரத்தில் என் மேசைக்கு வந்த இரண்டு கடிதங்களை நான் மறக்கவில்லை. ஒன்று ஒன்பது பக்கம். அதை எழுதியவர் மேல் சாட்டப்பட்ட குறை உண்மையிலேயே பாதிக்கும் மேல் அநியாயமானது. ஆனால் அவர் முதல் பக்கத்திலேயே தம்மீது எந்தப் பிழையும் இல்லை என்று எழுதிவிட்டு, அடுத்த எட்டுப் பக்கங்களில் நான்கு ஆண்டுகளுக்கு முன் விடுப்பு மறுக்கப்பட்டதிலிருந்து, யாரோ அவரைப் பார்த்துச் சிரித்தது வரை எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார். எந்தப் பிழையும் இல்லை என்ற அந்த முதல் வாக்கியம் பொய் என்பதற்கான வருகைப் பதிவேடு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் பிறகு அவர் சொன்ன உண்மைகளைக்கூட நான் சந்தேகத்தோடுதான் படித்தேன். அது என் குறைதான். ஆனால் படிக்கிற மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்று அரைப் பக்கம். "குறிப்பிடப்பட்டுள்ள மூன்றில் முதலாவது நான் செய்தது. இரண்டாவது நான் செய்யாதது. அதற்கான தாள் இணைக்கப்பட்டுள்ளது. மூன்றாவது எதைக் குறிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நாளும் நிகழ்வும் தெரிவித்தால் பதில் தருகிறேன்." இவ்வளவுதான். அந்த மூன்றாவதை எழுதியவன் நான். கோபத்தில், எந்த நாளையும் எந்த நிகழ்வையும் மனத்தில் வைத்துக்கொள்ளாமல் எழுதியிருந்தேன் என்பது அந்தக் கேள்வியைப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அதை அடித்துவிட்டுப் புதுக் குறிப்பு எழுதினேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: தாமதத்தை முதல் வரியில் எழுதுங்கள், அதுவும் ஒரே வரியில், காரணம் சொல்லாமல். "தொடர்ச்சியான" என்ற சொல்லுக்கு மறுப்பு எழுத வேண்டாம். எந்தெந்த நாள் என்று கேளுங்கள். மறுப்பைப் படிப்பவர் எளிதாகத் தாண்டிப் போய்விடுவார். கேள்விக்கு அவர் ஏதாவது பதில் எழுதியாக வேண்டும்.

தெற்குச் சாளரம்

"சிறிய விஷயம்" என்று நீங்களே எழுதியிருப்பதைப் பற்றி ஒரு சொல். 1982-இல் ஜெர்மன் பொருளியலாளர் வெர்னர் கியூத்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சோதனை, பிறகு உலகின் பல பகுதிகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கப்பட்டது. ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, முன்பின் தெரியாத இன்னொருவரோடு பங்கிடச் சொல்வார்கள். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் பங்கு கிடைக்கும். மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. கணக்குப்படி பார்த்தால், எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதே லாபம். ஆனால் பங்கு ஐந்தில் ஒன்றுக்குக் கீழே போகும்போது ஏறக்குறைய பாதிப்பேர் மறுத்துவிடுவதைப் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். கைக்கு வரும் லாபத்தை விட்டுக்கொடுத்தாவது அநியாயத்தை மறுக்க வேண்டும் என்ற உணர்வு மனிதர்களிடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. ஒரு சொல்லுக்காகத் தூக்கம் போவது அற்பத்தனம் அல்ல, சகோதரி.

இரண்டாம் வாசிப்பு

இந்த இழையில் எல்லோரும் எதிர்த்தரப்பின் நேர்மையைப் பற்றியே பேசுகிறோம். நம் நினைவின் நேர்மையைப் பற்றியும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நேர்மையாக நமக்காகப் பேசுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கார்கள் மோதிக்கொள்ளும் படக்காட்சிகளை மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, அவை எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். "தொட்டுக்கொண்டபோது" என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில் வேறொரு குழுவினரை ஒரு வாரம் கழித்து அழைத்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேரும், "இடித்த" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 7 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. காதில் விழுந்த ஒரு சொல் அவர்கள் நினைவுக்குள் கண்ணாடியை உடைத்துவிட்டது.

இரண்டு வாரங்களாக நீங்கள் இந்த நிகழ்வை உங்களுக்குள் எந்தச் சொற்களால் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். "உண்மை தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதினொரு பேருக்கும் உண்மை தெரியும் என்பது உங்களுக்குத் தெரியுமா? மேலதிகாரிக்கு எண்கள் எங்கிருந்து தவறாக வந்தன என்பது தெரியுமா? கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கத்தில் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும், மறுபக்கத்தில் நீங்களாக ஊகித்ததையும் எழுதிப் பாருங்கள். இரண்டாம் பக்கத்தில் இருப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. அது கடிதத்துக்குள் போக வேண்டாம், அவ்வளவுதான். இன்னொன்று: நினைவை நம்பாமல் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து, நாள் வாரியாக எல்லாவற்றையும் பாருங்கள்.

ஏழாம் வரி

இரண்டாம் வாசிப்பு சொன்னபடி நேற்றிரவு தாளை மடித்து எழுதினேன். இடது பக்கம் ஏழு வரிகள்தான் வந்தன. வலது பக்கம் நிரம்பி வழிந்தது. பதினொரு பேருக்கும் உண்மை தெரியும் என்பது வலது பக்கத்துக்குப் போயிற்று. எண்களை அனுப்பிய பிரிவில் அந்த ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம், அதுவும் ஊகம்தான். மேலதிகாரிக்குத் தெரிந்திருக்கும் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அதை எழுதும்போது எனக்கு ஓர் ஏமாற்றம்கூட ஏற்பட்டது; அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நம்புவது எனக்கு ஏதோ ஒரு வகையில் வசதியாக இருந்திருக்கிறது.

அதைவிடக் கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். மின்னஞ்சல் பெட்டியை நாள் வாரியாகப் பார்த்தபோது, வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொன்று பத்துக்கு அந்தப் பிரிவிலிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்திருப்பதைக் கண்டேன். பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக, அதே தலைப்பில், "திருத்திய தாள் இணைக்கப்பட்டுள்ளது" என்ற ஒரே வரியோடு. அது இரண்டு வாரங்களாகத் திறக்கப்படாமல் கிடந்திருக்கிறது. நான் அறிக்கையை அனுப்பி ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகுதான் அது வந்திருக்கிறது, ஆனால் ஆய்வுக் கூட்டம் செவ்வாய்க்கிழமை. திறந்து பார்த்திருந்தால் திருத்தி அனுப்ப எனக்கு இரண்டு வேலை நாட்கள் இருந்தன.

குறிப்பாணையில் இந்த மின்னஞ்சலைப் பற்றி எதுவும் இல்லை. "எனக்கு வந்தபோதே எண்கள் மாறியிருந்தன" என்று நான் எழுதினால் அது உண்மைதான். ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வாக்கியத்தை என்னால் முன்புபோல் எழுத முடியவில்லை.

நிழல்மரம்

உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தமக்கு எதிரான சான்றைத் தாமே தேடிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று எந்த நியாயமும் கட்டாயப்படுத்துவதில்லை. பொய் சொல்லக் கூடாது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் கேட்கப்படாததைச் சொல்லாமலிருப்பது பொய் ஆகாது. கூட்டத்தில் உங்கள் மேல் சொல்லப்பட்டது "பார்க்காமல் அனுப்பினார்" என்பது. அனுப்பிய நேரத்தில் திருத்திய தாள் வரவே இல்லை. ஆகவே சாட்டப்பட்ட குறைக்கு உங்கள் பதில் முழுமையானது. அதற்கு மேல் நீங்கள் கொடுப்பது, உங்களை மன்னிப்புக் கேட்க வைத்த அதே பழக்கத்திலிருந்து வருகிறதோ என்று அஞ்சுகிறேன். அநியாயத்துக்கு ஆளானவர்கள் பலர் நேர்மை என்ற பெயரில் தங்களையே தண்டித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

கூடல் மணி

இந்த இடத்தில் எனக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைதான் நினைவுக்கு வருகிறது. பாண்டியன் அவையில் கண்ணகி எவ்வளவு சினத்தோடு பேசினாள் என்பதையே நாம் எப்போதும் பேசுகிறோம். அவள் வழக்கை நடத்திய வரிசையை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சிலம்பை அவள் எடுத்த எடுப்பில் உடைக்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முதலில் அறிவிக்கிறாள். அரசன் அதை நல்ல சொல் என்று ஏற்று, தங்கள் சிலம்பின் பரல் முத்து என்று தானே சொல்லி, கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைக்கிறான். அதன் பிறகுதான் உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. எது வெளிப்பட்டால் யார் சொன்னது பொய் என்பது, உடைப்பதற்கு முன்பே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒன்றாகிவிட்டது. அதனால்தான் அந்த ஒரு பரலுக்கு முன் அரசனால் ஒரு மறுமொழிகூடச் சொல்ல முடியவில்லை.

முடிவு எப்படி வந்தாலும் நிற்கிற ஒரு சோதனையை முன்வைப்பவரின் சொல்லுக்குத்தான் அந்தக் கனம் உண்டு.

நிழல்மரம்

கூடல் மணி, மிக அழகான விளக்கம். ஆனால் கண்ணகியின் சிலம்புக்குள் மறைக்க ஒன்றும் இல்லை. இவருடைய பெட்டியில் திறக்காத ஒரு மின்னஞ்சல் இருக்கிறது. நூற்றுக்கு நூறு குற்றமற்றவருக்குப் பொருந்துகிற வழியைப் பாதிப் பொறுப்பு உள்ளவருக்குச் சொல்வது சரியா? நம்மில் பெரும்பாலோர் அந்த இரண்டாம் வகையினர்தாம்.

கூடல் மணி

சரியான கேள்வி. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கண்ணகியிடமிருந்து இவர் எடுத்துக்கொள்ள வேண்டியது குற்றமின்மையை அல்ல, சிலம்பை அவை நடுவில் வைக்கிற துணிவை என்று நினைக்கிறேன். இவர் எழுதும் கடிதத்துக்குப் பக்கத்தில் அந்தத் திறக்காத மின்னஞ்சலை யாராவது கொண்டுவந்து வைத்தால், கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் அப்போதும் அப்படியே நிற்குமா? நிற்குமென்றால் அனுப்பலாம்.

பழைய பேனா

அது நிற்காது என்பதுதான் நடைமுறை. எண்களைத் தவறாக அனுப்பியது எந்தப் பிரிவு என்று இவர் எழுதிய அடுத்த நிமிடமே, அந்தப் பிரிவினர் தங்களைக் காத்துக்கொள்ள முதலில் எடுக்கப்போவது வெள்ளிக்கிழமை பதினொன்று பத்து மின்னஞ்சலைத்தான். "திருத்தி அனுப்பினோம், அவர் பார்க்கவில்லை" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். அப்போது இவர் மறைத்தார் என்ற பேச்சுதான் நிற்கும். "தொடர்ச்சியான" என்ற சொல்லைப் பற்றி எவரும் பேசமாட்டார்கள்.

ஆனால் நிழல்மரத்தின் அச்சத்தையும் நான் ஒதுக்கவில்லை. தன் பிழையைச் சொல்வது வேறு, அதற்காகத் தலை குனிவது வேறு. சொல்லும்போது "தயவுசெய்து", "பெரிய மனத்தோடு", "இனி ஒருபோதும்" போன்ற சொற்கள் வேண்டாம். மின்னஞ்சல் வந்த நேரம், அதைத் திறக்கவில்லை என்பது, இரண்டும் ஒரே வரியில் போதும். அதே கையோடு, தவறான தாளை அனுப்பிய பிரிவு அதைத் திருத்தியதை மேலதிகாரிக்கோ கூட்டத்துக்கோ தெரிவிக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். அதுவும் நடந்ததுதான். இருபுறமும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டிருப்பதைப் படிப்பவர் உணர்வார்.

தெற்குச் சாளரம்

ஒரு எச்சரிக்கை. எழுதினால் எல்லாம் நேராகிவிடும் என்ற எண்ணத்தை இந்த இழை தந்துவிடக் கூடாது. நான் ஒரு முறை மிகச் சரியான, மிக நேர்மையான ஒரு கடிதம் எழுதினேன்; ஐந்து மாதங்களில் அந்த வேலை என்னிடம் இல்லை. அவர்கள் அந்தக் கடிதத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. அந்த ஐந்து மாதங்களில் கூட்டங்களுக்கு எனக்கு அழைப்பு வராமல் போனதும், நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றதும் இன்னும் நினைவிருக்கிறது. வீட்டில் ஒரே வருமானத்தை நம்பி நான்கு பேர் இருக்கும் ஒருவர் இப்போதைக்கு எழுதாமல் விடுகிறார் என்றால், அவரைக் கோழை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அப்படிப்பட்டவரும் தமக்காக ஒரு குறிப்பையாவது நாள், நேரத்தோடு எழுதிவைத்துக்கொள்ளட்டும். பேசக்கூடிய நாள் வரும்போது அது கையில் இருக்கும்.

இன்னொன்று: தனியாகப் போகாதீர்கள். சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனைகளைப் பலர் படித்திருப்பீர்கள். கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி, அறையில் இருந்த மற்ற எல்லோரையும் முன்கூட்டியே பேசிவைத்துத் தவறான விடையைச் சொல்ல வைத்தபோது, உண்மையாகச் சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகப் போயின. அதே அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால், அந்தத் தவறுகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. கண்ணுக்கு நேரே இருக்கும் கோட்டைச் சொல்லவே நமக்கு ஒரு துணை வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் நீங்கள் மன்னிப்புக் கேட்டது ஏன் என்று உங்களையே குடைந்துகொள்ளாதீர்கள்.

அந்தத் துணை, குறிப்பேட்டை மடித்துக்கொண்டிருந்த அதே நபராகவும் இருக்கலாம். கடிதத்தில் அவருடைய பிரிவைக் குறிப்பிடுவதற்கு முன், அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். நமக்குச் செய்யப்பட்டதை நாம் இன்னொருவருக்குச் செய்யாமலிருக்க அதுதான் வழி.

ஏழாம் வரி

ஐந்து நாட்களுக்குப் பிறகு வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொருவர் சொன்னதிலும் ஏதோ ஒன்றைப் பின்பற்றினேன்.

சனிக்கிழமை அந்தச் சக ஊழியரைச் சந்தித்தேன். கடிதத்தில் அவருடைய பிரிவைக் குறிப்பிடப்போகிறேன் என்று சொன்னபோது அவர் முகம் மாறியது. பிறகு, "அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டதால் முடிந்துவிட்டது என்று விட்டுவிட்டேன்" என்றார். நான் அறையில் இருந்தவர்களுக்காகச் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் தம் கதவை மூடப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கதவைச் சாத்திக் கொடுத்தது என் மன்னிப்புத்தானே.

திங்கட்கிழமை, "பெற்றுக்கொண்டேன், இதில் உள்ளவற்றை முழுமையாக ஏற்கவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டு, இந்தக் கடிதத்தைக் கொடுத்தேன்:

"அறிக்கையை வியாழன் மாலைக்குப் பதிலாக வெள்ளி காலை 9.30-க்கு அனுப்பினேன். தாமதம் என்னுடையது. அறிக்கையில் இடம் மாறியிருந்த எண்கள், எனக்குப் புதன்கிழமை வந்த தாளிலேயே அவ்வாறு இருந்தன, அம்மின்னஞ்சல் இணைக்கப்பட்டுள்ளது. அப்பிரிவு வெள்ளி காலை 11.10-க்குத் திருத்திய தாளை எனக்கு மட்டும் அனுப்பியது. அதை நான் திறக்கவில்லை. திறந்திருந்தால் கூட்டத்துக்கு முன் திருத்தியிருக்கலாம். இம்மின்னஞ்சலும் இணைக்கப்பட்டுள்ளது. குறிப்பாணையில் உள்ள 'தொடர்ச்சியான கவனக்குறைவு' என்பது இந்நிகழ்வைத் தவிர வேறு எந்த நாட்களைக் குறிக்கிறது என்பதைத் தெரிவிக்கக் கோருகிறேன். வேறு நிகழ்வு இல்லையெனில் அச்சொல்லை நீக்கக் கோருகிறேன். கூட்டத்தில் என் மீது சொல்லப்பட்டது பலர் முன்னிலையில் சொல்லப்பட்டதால், மேற்கண்ட விவரமும் அதே கூட்டத்தில் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்."

மேலதிகாரி நின்றபடியே படித்தார். திறக்காத மின்னஞ்சல் வரும் வரிக்கு வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதன் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து மீண்டும் படித்தார். இரண்டு இணைப்புகளையும் புரட்டினார். "இது வெளியிலிருந்து இப்படி வந்தது எனக்குத் தெரியாது" என்றார். என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்ததால் அவற்றைப் பையின் வாருக்குள் வைத்திருந்தேன். குரலும் நடுங்கியது. ஆனால் தாளில் இருந்தது நடுங்கவில்லை.

புதன்கிழமை மாற்றிய குறிப்பாணை வந்தது. "தொடர்ச்சியான" என்ற சொல் இல்லை. தாமதம் இருக்கிறது. திருத்திய தாளைப் பார்க்கவில்லை என்பது புதிதாக ஒரு வரியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நான் சொல்லியிருக்காவிட்டால் அந்த வரி வந்திருக்காது. எண்கள் தவறாக வந்த பிரிவுக்கும் தனியே குறிப்பு போயிருக்கிறது. கூட்டத்தில் சொல்வதைப் பற்றிக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

நிழல்மரம்

நீங்களே கொடுத்த வரி உங்கள் கோப்பில் நிலையாக ஏறிவிட்டது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்த வரிக்கு வந்தபோதுதான் அவர் உட்கார்ந்து படித்தார் என்பதையும் நான் கவனித்தேன். கூட்டத்தைப் பற்றிய "பார்க்கலாம்" என்பதை அப்படியே விட்டுவிடாதீர்கள். தாளில் திருத்தியது உங்கள் இருவருக்கும் தெரியும். அறையில் கேட்ட பதினொரு பேருக்குத் தெரியாது.

ஏழாம் வரி

விடப்போவதில்லை. அடுத்த கூட்டம் வரும் செவ்வாய்க்கிழமை. அன்று காலை அவரிடம் இன்னொரு முறை கேட்பேன். அவர் சொல்லாவிட்டால், என் அறிக்கை வரும்போது நானே ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வேலையைத் தொடரப்போகிறேன். அந்த வாக்கியம் இது: "சென்ற கூட்டத்தில் பேசப்பட்ட எண்கள் எனக்கு வந்த தாளிலேயே மாறியிருந்தன, திருத்திய தாள் பிறகு வந்தது, அதை நான் உரிய நேரத்தில் பார்க்கவில்லை, தாமதம் மட்டும்தான் முழுக்க என்னுடைய பிழை." இதில் மாற்ற வேண்டிய சொல் ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

இரண்டாம் வாசிப்பு

"மட்டும்தான்" என்பதை எடுத்துவிடுங்கள். பார்க்கவில்லை என்று முந்தைய வரியில் ஏற்றுக்கொண்டதை அந்தச் சொல் பின்னால் வந்து மெல்லத் திருப்பி வாங்குகிறது. "தாமதம் என்னுடையது" என்று முடித்தால் போதும். மற்றவை எல்லாம் சரியாக இருக்கின்றன.

ஏழாம் வரி

எடுத்துவிட்டேன்.